கேரவன் பிரிட்ஜ் கைவிட்டால் என்ன செய்வது? கல்வராயன் மலை ஏறும் முன் போட வேண்டிய கணக்கு

சென்னையில் இருந்து விடியற்காலையில் கிளம்பிய கேரவன் ஒன்று, உளுந்தூர்பேட்டையில் திரும்பி, கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சித்திரை மாத வெயில். வண்டிக்குள் தாத்தா, பாட்டி, இரண்டு குழந்தைகள் உட்பட ஆறு பேர். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கம் நிழல் பார்த்து நிறுத்தி, குழந்தைக்குப் பால் காய்ச்சலாம் என்று பிரிட்ஜைத் திறந்தால், பால் திரிந்து கிடக்கிறது. அதே தட்டில்தான் தாத்தாவின் இன்சுலினும் இருக்கிறது.

இனி மேலே வெள்ளிமலை, கரியாலூர் வரை கொண்டை ஊசி வளைவுகள்தான். நினைத்த நேரத்தில் மருந்துக் கடைக்கு ஓடிவிட முடியாது. ‘பிரிட்ஜ் சரியில்லை’ என்பது ஊரில் இருக்கும்போது ஒரு சின்ன எரிச்சல். மலையடிவாரத்தில் அது பயணத்தையே நிறுத்திவிடும்.

கேரவன் என்றால் சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். ஆனால் பழைய வேன், டெம்போ டிராவலர், மினி பஸ் ஆகியவற்றில் படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ் வைத்துக் குடும்பத்தோடு சுற்றுகிற பழக்கமும் மெல்லப் பரவி வருகிறது. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. இப்படிப்பட்ட வண்டிகளில் முதலில் மக்கர் செய்யும் பொருட்களில் ஒன்று பிரிட்ஜ். அப்போது எழும் கேள்வி இதுதான்: பழையதை ரிப்பேர் பார்ப்பதா, வீட்டு பிரிட்ஜை வாங்கி வைப்பதா, அல்லது வண்டிக்கென்றே வரும் 12 வோல்ட் கம்ப்ரஸர் பிரிட்ஜுக்கு மாறுவதா?

‘கேஸ் ஏத்தினா சரியாயிடும்’ என்பது சரியா?

பிரிட்ஜ் கூலிங் ஆகவில்லை என்றதும் பெரும்பாலும் வரும் முதல் பதில், ‘கேஸ் தீர்ந்திருக்கும், ஏத்தினா சரியாயிடும்’ என்பதுதான். வீட்டு பிரிட்ஜுக்கு இது சில நேரம் பொருந்தும். ஆனால் வெளிநாட்டு மோட்டார் ஹோம்களில் வரும் பழைய வகை பிரிட்ஜ்களுக்குப் பொருந்தாது. அவற்றில் கம்ப்ரஸரே கிடையாது.

அவை ‘அப்ஸார்ப்ஷன்’ வகையைச் சேர்ந்தவை. சூடுபடுத்திக் குளிர வைக்கும் முறை அது. கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான். ஒரு சின்ன எல்பிஜி சுடர் அல்லது மின்சார ஹீட்டர், குழாய்க்குள் இருக்கும் அம்மோனியா கலந்த நீரைக் கொதிக்க வைக்கும். பிரிந்து மேலே போகும் அம்மோனியா ஆவி, குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் வாயு நிறைந்த பகுதிக்குள் வந்து மறுபடி ஆவியாகும்போது, பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தண்ணீர் அந்த அம்மோனியாவைக் கரைத்து எடுத்துக்கொள்ள, சுற்று மறுபடி தொடங்கும். 1922-ல் சுவீடனில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. நட்சத்திர ஹோட்டல் அறைகளில் சத்தமே இல்லாமல் இருக்கும் மினி பார் பிரிட்ஜ்களில் பலவும் இந்த வகைதான்.

ஓடுகிற பாகம் எதுவும் இல்லை, அதனால் சத்தமும் இல்லை. எல்பிஜியில் ஓடினால் ஒரு நாளைக்குக் கால் கிலோவை ஒட்டித்தான் செலவாகும். மின்சாரமே இல்லாத இடத்தில் வாரக்கணக்கில் ஓட்டலாம். குளிர் நாடுகளில் இது பல பத்தாண்டுகள் கோலோச்சியதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் இருக்கும் அந்தக் குழாய்த் தொகுதி முழுவதும் தொழிற்சாலையிலேயே சீல் செய்யப்பட்டது. உள்ளே அடைப்பு ஏற்பட்டாலோ, குழாய் அரித்து ஓட்டை விழுந்தாலோ, பக்கத்துத் தெரு மெக்கானிக் ‘கேஸ் ஏத்த’ முடியாது. பின்பக்கம் மஞ்சள் கறையும், மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியும் இருந்தால் அந்தத் தொகுதியின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். உடனே சுடரை அணைத்து, வண்டியின் கதவு ஜன்னல்களைத் திறந்து வைப்பதுதான் செய்ய வேண்டிய முதல் வேலை.

நம்ம ஊர் வெயிலுக்கு ஏன் ஒத்துவராது?

அப்ஸார்ப்ஷன் பிரிட்ஜ் பொதுவாக வெளி வெப்பத்தைவிட 20 முதல் 25 டிகிரி வரைதான் குறைத்துக் காட்டும். சுவீடனில் வெளியே 22 டிகிரி என்றால் சிக்கல் இல்லை. கள்ளக்குறிச்சியில் மே மாதம் 40 டிகிரி அடிக்கும்போது பெட்டிக்குள் 15 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். பால் கெடாமல் இருக்க 5 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும்.

இதில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கல்வராயன் மலையின் குடியிருப்புகள் பலவும் கடல் மட்டத்தில் இருந்து 2,000 அடிக்கு மேல் இருப்பவை. இரவில் அங்கே காற்று குளிர்ந்ததும், படுத்துக் கிடந்த பிரிட்ஜ் எழுந்து உட்கார்ந்துவிடும். ‘பாத்தியா, சரியாயிடுச்சு’ என்று ரிப்பேரைத் தள்ளிப்போடுவார்கள். மறுநாள் சமவெளிக்கு இறங்கியதும் பழைய கதைதான். பிரிட்ஜ் குணமாகவில்லை, ஊர்தான் குளிர்ந்தது.

அடுத்தது சமதளம். இந்த வகை பிரிட்ஜில் திரவம் பம்ப் இல்லாமல், புவியீர்ப்பால் மட்டுமே ஓடுகிறது. வண்டி ஓடும்போது ஆட்டத்தில் சமாளித்துக்கொள்ளும். ஆனால் சாய்வாக நிறுத்திவிட்டு இரவெல்லாம் ஓட விட்டால் திரவம் ஓரிடத்தில் தேங்கி, கொதிகுழாய் வறண்டு சூடேறும். அப்படி அடிக்கடி நடந்தால் உள்ளே நிரந்தர சேதம்தான். பெரியார் நீர்வீழ்ச்சிக்கோ மேகம் நீர்வீழ்ச்சிக்கோ போகிறவர்கள் தேடுவது நிழலும் இடமும்தான். தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கும் சொகுசு மலையில் கிடையாது.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, நெருப்பு. தூங்குகிற இடத்துக்கு ஓரடி தள்ளி, இரவு முழுக்க ஒரு எல்பிஜி சுடர். டொமெடிக், நார்கோல்ட் ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்களும் தீப்பற்றும் அபாயம் காரணமாக இந்த வகை பிரிட்ஜ்களை அமெரிக்காவில் லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது பதிவாகி இருக்கிறது. இங்கேயும் ஒரு பாடம் உண்டு. 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. அது பிரிட்ஜால் வந்த விபத்து இல்லை. ஆனால் மூடிய வண்டி, உறங்கும் குடும்பம், எல்பிஜி ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் தேட வேண்டாம்.

‘சரி, கேஸே வேண்டாம், அதே பிரிட்ஜை பேட்டரியில் ஓட்டலாமே’ என்று கேட்கலாம். 120 வாட் ஹீட்டர் என்றால், 12 வோல்ட்டில் மணிக்கு 10 ஆம்பியர் இழுக்கும். அதுவும் நிறுத்தாமல். அதை எந்த பேட்டரியும் ஒரு ராத்திரி தாங்குவதே பெரிய விஷயம்.

அப்போ வீட்டு பிரிட்ஜையே தூக்கி வச்சிடலாமா?

பலரும் முதலில் யோசிப்பது இதைத்தான். அதில் நியாயமும் இருக்கிறது. சிறிய ஒற்றைக் கதவு மாடல்கள் 15 ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன. அதில் கால்வாசி கொள்ளளவு உள்ள 12 வோல்ட் கம்ப்ரஸர் பிரிட்ஜின் விலை அதைவிட அதிகம். வீட்டு பிரிட்ஜுக்கு எந்த ஊரிலும் மெக்கானிக் உண்டு, உதிரிபாகமும் உண்டு.

ஆனால் இங்கே ஒரு வார்த்தைக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். கடையில் ‘இது இன்வெர்டர் பிரிட்ஜ்’ என்பார்கள். அதைக் கேட்டு, ‘அப்போ பேட்டரியில் நேரடியாக ஓடும்’ என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்ஜில் உள்ள ‘இன்வெர்டர்’ என்பது கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் தொழில்நுட்பம். மின்சாரம் போனால் வீட்டில் ஓடுகிற ‘இன்வெர்டர்’ என்பது பேட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் பெட்டி. பெயர் ஒன்று, வேலை வேறு. வீட்டு பிரிட்ஜை வண்டியில் வைத்தால் இந்த இரண்டாவது பெட்டியும் கட்டாயம் வேண்டும். அதுவும் ‘சைன் வேவ்’ வகையாக இருக்க வேண்டும். விலை குறைந்த ‘ஸ்கொயர் வேவ்’ இன்வெர்டரில் கம்ப்ரஸர் மோட்டார் சூடேறி, ஆயுள் குறையும்.

இப்போது கணக்கு. ஒரு சிறிய பிரிட்ஜின் ஸ்டார் ஸ்டிக்கரில் ‘ஆண்டுக்கு 150 யூனிட்’ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு சுமார் 410 வாட் ஹவர். இன்வெர்டர் மாற்றும்போது ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் 480. பிரிட்ஜ் ஓடாத நேரத்திலும் இன்வெர்டர் விழித்திருக்க மணிக்கு 10 வாட் எடுத்தால், 24 மணி நேரத்துக்கு 240. மொத்தம் 720 வாட் ஹவர். 12 வோல்ட் பேட்டரியில் இது 60 ஏ.ஹெச்.

வீட்டு இன்வெர்டருக்கு வைக்கும் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியில், ஆயுள் கெடாமல் எடுக்க முடிவது பாதிதான், அதாவது 75 ஏ.ஹெச். ஆக, ஒன்றேகால் நாள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒரு நாள் தாங்கினாலே பெரிது. கூடவே ஃபேன், லைட், செல்போன் சார்ஜ் எல்லாம் அதே பேட்டரியில்தான்.

வீட்டு பிரிட்ஜ் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. வளைவில் திரும்பும்போது கதவு திறக்காமல் இருக்கத் தனியாகக் கொக்கி வைக்க வேண்டும். காலை போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பின்பக்கம் சூடு வெளியேற வழி விட வேண்டும். பழைய கேஸ் பிரிட்ஜ் இருந்த பொந்துக்குள் அப்படியே திணித்துவிட்டு, ‘கூலிங் பத்தலையே’ என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை.

12 வோல்ட் கம்ப்ரஸர் என்ன வித்தியாசம்?

இதுவும் வீட்டு பிரிட்ஜ் போலவே கம்ப்ரஸரில் ஓடுவதுதான். ஆனால் பேட்டரியின் 12 அல்லது 24 வோல்ட்டை நேரடியாக எடுத்துக்கொள்ளும். நடுவில் 230 வோல்ட் இன்வெர்டர் தேவையில்லை, அதன் இழப்பும் இல்லை. டான்ஃபாஸ் நிறுவனத்தில் இருந்து பிரிந்த செகாப் தயாரிக்கும் சிறிய கம்ப்ரஸர்கள் இந்த வகையில் உலகம் முழுக்கப் பெயர் பெற்றவை. 30 டிகிரி வரை சாய்ந்தாலும் ஓடும் வகையில் அவை செய்யப்பட்டிருக்கின்றன. கல்வராயன் மலைச் சாலைக்கு இதுவே பெரிய நிம்மதி.

சுமார் 45 லிட்டர் பெட்டி ஒன்று சராசரியாக மணிக்கு 1 ஆம்பியரும், நல்ல வெயிலில் ஒன்றரை ஆம்பியரும் எடுக்கும் என்று கொள்ளலாம். நாளொன்றுக்கு 24 முதல் 36 ஏ.ஹெச். அதே 75 ஏ.ஹெச். இருப்பில் இரண்டு முதல் மூன்று நாள் ஓடும். கூரையில் 100 வாட் சோலார் பேனல் இரண்டு இருந்து, வெயிலும் அடித்தால் அன்றன்றைய செலவை அன்றன்றே ஈடுகட்டிவிடலாம்.

பெட்டி சின்னதுதான். வீட்டு பிரிட்ஜில் வைப்பது போல மாவுப் பாத்திரம், பூ, பழைய குழம்பு எல்லாம் வைக்க முடியாது. அதை ஏற்றுக்கொள்ள மனசு வந்தால்தான் இது சரிப்படும்.

ஒரு எச்சரிக்கை: ‘கார் பிரிட்ஜ்’ என்ற பெயரில் குறைந்த விலைக்கு வரும் பல பெட்டிகளில் கம்ப்ரஸரே இருக்காது. ‘தெர்மோஎலக்ட்ரிக்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அவையும் வெளி வெப்பத்தைவிட 15, 20 டிகிரிதான் குறைக்கும். கேஸ் பிரிட்ஜில் எந்தப் பிரச்சினைக்காக மாற்ற வந்தோமோ, அதே பிரச்சினையைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்கியது போல ஆகிவிடும். வாங்கும் முன் ‘கம்ப்ரஸர் இருக்கா?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்.

பதில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது

‘கரண்ட் நிலையில்லாத இடத்தில் குளிர்ச்சியை எப்படிக் காப்பது?’ என்ற கேள்வியை நாட்டின் தடுப்பூசித் திட்டம் எப்போதோ சந்தித்துவிட்டது. ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, ஆசியாவின் பல கிராமங்களில் தடுப்பூசி வைக்க, கேரவனில் இருக்கும் அதே அப்ஸார்ப்ஷன் முறையில் கெரசினாலும் கேஸாலும் ஓடும் பிரிட்ஜ்களைத்தான் நம்பினார்கள். வெப்பநிலை ஒரே சீராக நிற்காதது அவற்றின் பெரிய குறை. அதிகம் சூடானாலும் தடுப்பூசி வீண், உறைந்துபோனாலும் சில வகைகள் வீண். இப்போது கம்ப்ரஸரில் ஓடும் பெட்டிகளும், நேரடி சோலார் பெட்டிகளும் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன.

இந்தியாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பது ஐ.எல்.ஆர். என்று ஊழியர்கள் சொல்லும் பெட்டி. சுவரைச் சுற்றி ஐஸ் படலம் இருக்கும் பிரிட்ஜ் அது. மேலே திறக்கும் கதவு. நாளில் 8 மணி நேரம் மட்டும் கரண்ட் இருந்தாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்கும். கரண்ட் இருக்கும்போது ஐஸைச் சேமித்துக்கொள்வதுதான் அதன் ரகசியம். அங்கிருந்து மலைக் கிராமத்துக்குத் தடுப்பூசி போவது, நான்கு ஐஸ் பேக் வைத்த ஒரு சின்னக் கைப்பெட்டியில். மலையாளி பழங்குடிக் குடும்பத்துக் குழந்தைக்குத் தடுப்பூசி கெடாமல் போய்ச் சேர்வது இப்படித்தான்.

கேரவன்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் இது. மேலே திறக்கும் பெட்டியாக வாங்கினால், குளிர் காற்று கனமானது என்பதால் திறந்தாலும் கீழேயே தங்கும். கிளம்புவதற்கு முந்தைய நாளே வீட்டுக் கரண்டில் பெட்டியையும் சாமானையும் குளிர வைத்துவிடலாம். வண்டி ஓடும் நேரத்தில் இரண்டு மூன்று தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்துக்கொண்டால், இரவில் கம்ப்ரஸரின் வேலை பாதியாகக் குறையும். இன்சுலினை மட்டும் ஐஸை ஒட்டி வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது.

முடிவு எப்படி எடுப்பது?

ரோட்டோர ஹோட்டலிலோ ரிசார்ட்டிலோ தினமும் இரவு பிளக் போட்டுத் தூங்குகிற வண்டி என்றால், வீட்டு பிரிட்ஜ் போதும். பணம் மிச்சம். மலைப் பகுதியில் வோல்டேஜ் ஏறி இறங்கும் என்பதால் ஸ்டெபிலைசர் ஒன்று கூட இருக்கட்டும்.

வெள்ளிமலை, கரியாலூர் போல மேலே போய் ஒன்றிரண்டு இரவு பிளக் இல்லாமல் நிற்கிற வண்டி என்றால், 12 வோல்ட் கம்ப்ரஸர்தான். அதற்கென்று தனி பேட்டரி வைக்க வேண்டும். என்ஜின் பேட்டரியில் இருந்து நேரடியாக ஒயர் இழுத்தால், காலையில் பால் குளிர்ந்திருக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பிரிட்ஜைத் தானே அணைக்கும் ‘கட் ஆஃப்’ இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பழைய கேஸ் பிரிட்ஜைக் கழற்றும்போது, எல்பிஜி குழாயை முறையாக அடைத்து, கசிவு சோதித்து, புகை போக வைத்த வெளித் துளைகளையும் கவனிக்க, விவரம் தெரிந்த ஆளை வைத்தே செய்ய வேண்டும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

பெயர்போன இறக்குமதி பிரிட்ஜ் என்பதற்காக அதன் குழாய்த் தொகுதியை வெளிநாட்டில் இருந்து வரவழைத்து மாற்றுவதில் சிலருக்கு ஆசை இருக்கலாம். அது குளிர் நாட்டுக்காக வடிவமைக்கப்பட்ட பொருள். புதிதாக மாற்றினாலும் கள்ளக்குறிச்சி வெயில் மாறப்போவதில்லை. அந்தப் பணத்தை ஒரு நல்ல பேட்டரியிலும் இரண்டு சோலார் பேனலிலும் போடுவதுதான் புத்திசாலித்தனம். எந்த பிரிட்ஜ் வாங்கினாலும் அதை நள்ளிரவில் ஓட்டப்போவது அந்த பேட்டரிதான்.

பிரிட்ஜ் கடைக்குப் போகும் முன், ஒரு காகிதத்தில் இரண்டே விஷயங்களை எழுதிக்கொண்டால் போதும்: இரவில் வண்டி எங்கே நிற்கும், உள்ளே கெடவே கூடாத பொருள் எது. முதல் கேள்விக்கு ‘பிளக் பாயின்ட் பக்கத்தில்’ என்றும், இரண்டாவதுக்கு ‘கூல் டிரிங்க்ஸ்’ என்றும் பதில் வந்தால், எதை வாங்கினாலும் ஓடும். பதில் ‘மலை மேல்’, ‘தாத்தாவின் இன்சுலின்’ என்று வந்தால், விலைப் பட்டியலில் முதல் வரிசையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.